திகதி தள்ளிப்போனால் தோல்வியா? நிறை குறைப்புச் சத்திரசிகிச்சைக்கு வன்னியிலிருந்து ஆயத்தமாகும் சகோதரிக்கு

விசுவமடுப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிக்கொள்கிறேன். வயது 41, உயரம் 156 சென்ரிமீற்றர், நிறை 112 கிலோ, எட்டு வருடமாக நீரிழிவு. கொழும்பில் ஸ்லீவ் எனப்படும் இரைப்பைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்குத் தெரிவாகி, அதற்கு முன் 6 கிலோவரை குறைத்துக்கொண்டு வரும்படி சொல்லப்பட்டிருக்கிறார். 5 கிலோ குறைத்தார், தாயாரின் செத்தவீடும் அந்தியேட்டியும் கழிவதற்குள் 3 கிலோ திரும்ப ஏறிவிட்டது, எச்பிஏ1சி என்ற சீனிப் பரிசோதனை 9.4 என்று வந்ததால் திகதி மூன்று மாதம் தள்ளிவைக்கப்பட்டது. ஐந்து கிலோவையே தக்கவைக்க முடியாத தனக்கு இந்தச் சத்திரசிகிச்சை வீண்தானா, காணியில் ஒரு துண்டை விற்று இந்தியாவுக்குப் போய் உடனே செய்துவிடலாமா என்று கேட்கிறார். 2009இல் வயிற்றில் செல் (எறிகணை) துண்டு பட்டு ஒப்பரேஷன் செய்ததாகவும் அது இப்போது சுகம் என்றும் கடைசி வரியில் எழுதியிருக்கிறார். சாப்பாட்டு அட்டவணை அவர் கேட்கவில்லை. இதற்குத் தகுதியான ஆள்தானா தான் என்பதைத்தான் கேட்கிறார் என்று விளங்கிக்கொள்கிறேன்.

வன்னியின் அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை விடுதியிலும் பின்னர் நீரிழிவுக் கிளினிக்கிலும் பல வருடங்கள் தாதி உத்தியோகத்தராகக் கடமையாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். நான் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல. உங்கள் கிளினிக் கொப்பியையும் ஸ்கான் அறிக்கைகளையும் பார்த்தவளும் அல்ல. எனவே உங்களுக்கு ஸ்லீவ் பொருத்தமா, இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் பொருத்தமா என்பதிலோ மருந்தின் அளவிலோ நான் தலையிட மாட்டேன். கொழும்பில் வெட்டித் தைத்து, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வீடு திரும்பும் நோயாளிகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை மட்டும் ஓரளவு நிச்சயமாகச் சொல்ல முடியும்.

தகுதியைப் பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். உயரத்தோடு ஒப்பிட்டு நிறையைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டி (பிஎம்ஐ) உங்களுக்கு 46. அமெரிக்க வளர்சிதைமாற்ற, உடற்பருமன் சத்திரசிகிச்சைச் சங்கமும் அத்துறையின் சர்வதேசக் கூட்டமைப்பும் 2022இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலின்படி, சுட்டி 35ஐ எட்டியவருக்கு வேறு நோய் இல்லாவிட்டாலும் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். ஆசிய மக்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம். நீரிழிவும் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அது தேவையா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. திகதி தள்ளிப்போனதற்குக் காரணம் நீங்கள் அல்ல, 9.4 என்ற அந்த எண். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டுவது. குருதியில் சீனி அதிகமாக நிற்கும்போது தையல் ஆறுவது தாமதமாகும், கிருமித்தொற்று எளிதில் பிடிக்கும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுக்கப்படுகிறது. எஞ்சுவது நீண்ட தையல் வரியோடு கூடிய ஒரு குழாய். அந்த வரி ஓரிடத்தில் ஆறாமல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. பல மருத்துவக் குழுக்கள் 8க்குக் கீழே வரட்டும் என்று காத்திருப்பது அதனால்தான். 8 என்பது கல்லில் வெட்டிய கோடு அல்ல. நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களில் நிபுணர்கள் சற்று நெகிழ்ந்துகொடுப்பதும் உண்டு. ஆனால் 9.4ஐப் பார்த்துத் தள்ளிவைத்த நிபுணர் உங்களைக் காப்பாற்றும் வேலையைச் செய்திருக்கிறார். மூன்று மாதம் என்றதும் தண்டனை அல்ல. அந்தப் பரிசோதனை புதிதாக ஒரு விடை சொல்வதற்கு அவ்வளவு காலம் வேண்டும்.

திரும்ப ஏறிய 3 கிலோ வேறு விடயம். இங்கே நிச்சயமானதையும் சந்தேகமானதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குச் சற்று முந்திய இரண்டு வாரங்களில் மாப்பொருளையும் கலோரியையும் கடுமையாகக் குறைத்தால் ஈரல் சுருங்கும் என்பது நிச்சயம். ஆனால் பல மாதங்களுக்கு முன்பே இத்தனை கிலோ குறைத்துக் காட்டியவர்தான் பிற்காலத்தில் நன்றாக இருப்பார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்கள் அப்படி ஒரு நிபந்தனை வைத்தபோது, மேலே சொன்ன அமெரிக்கச் சங்கமே 2016இல் அதை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது. அதற்காக உங்கள் குழு சொன்ன 6 கிலோவை உதறிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மயக்கமருந்து கொடுப்பவருக்கும் வெட்டுபவருக்கும் ஒவ்வொரு கிலோவும் உதவிதான். அதை எட்டவில்லை என்பதிலிருந்து உங்கள் குணத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம் என்பதே என் பேச்சு. நிறையைத் தன் முயற்சியால் மட்டும் குறைத்து அப்படியே வைத்திருக்க முடிகிறவருக்கு இந்தச் சத்திரசிகிச்சையே தேவைப்படாது. குறைத்ததும் பசியைக் கூட்டி, செலவழிக்கும் சக்தியைக் குறைத்து, பழைய நிறைக்கே இழுத்துப்போவது உடலின் இயல்பு. ஸ்லீவ் செய்யும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோனைப் பெருமளவு சுரக்கும் பகுதியும் வெட்டுப்பட்டுப் போவதால்தான் அந்த இழுப்பு தளர்கிறது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிக்கு இப்போது வருகிறேன். 6 கிலோவைவிட அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வயிறு திறந்து ஒருமுறை சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு உள்ளே குடலும் வயிற்றுச் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது வழமை. வெளியே தழும்பு சுகமாக இருப்பது உள்ளிருப்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. துளையிட்டுச் செய்யும் லப்பரஸ்கோப்பி முறையில் முதலாவது துளையை எங்கே இடுவது என்பதிலிருந்து இது வேலையை மாற்றும்; நேரம் கூடலாம், சில வேளை வயிற்றைத் திறந்தே செய்ய நேரலாம். ஒட்டுகள் அதிகமாக இருந்தால், சிறுகுடலை வெட்டி இணைக்க வேண்டிய பைபாஸைவிட ஸ்லீவை நிபுணர் விரும்பக்கூடும். விடுதியை விட்டுப் போகும்போது தரும் நோய்விபர அட்டையான டயக்னோசிஸ் காட், அந்தக் காலத்து இடம்பெயர்வில் தொலைந்துபோயிருக்கும் என்றே நினைக்கிறேன். இங்கே ஏராளமானோரிடம் அது இல்லை. இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், ஆனால் தழும்பைக் காட்டாமல் வரவேண்டாம். எந்த மாதம், எவ்வளவு நாள் விடுதியில் இருந்தீர்கள், குடலை வெட்டினார்களா, மண்ணீரலை எடுத்தார்களா, பக்கத்தில் நின்றவர் யாருக்காவது என்ன ஞாபகம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மண்ணீரல் எடுபட்டிருந்தால் முன்கூட்டியே போடவேண்டிய தடுப்பூசிகள் உண்டு. உள்ளே இரும்புத் துண்டு எஞ்சியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அதையும் எழுதுங்கள், எக்ஸ்ரேயும் சீ.ரி. ஸ்கானும் எடுக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் மட்டும் கட்டாயம் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

அடுத்தது அந்த இரண்டு வாரச் சாப்பாடு. பருத்தவர்களின் ஈரல் கொழுப்பேறி வீங்கியிருக்கும். அதன் இடப்பக்க மடல் இரைப்பையின் மேற்பகுதியை மூடிபோல மறைத்துக்கொண்டு கிடக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால்தான் நிபுணருக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். பாரமான கொழுப்பீரல் எளிதில் கிழிந்து குருதி கசியும். மாப்பொருளைக் குறைத்தால் ஈரலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜனும் அதோடு கட்டுண்ட நீரும் முதலில் போகும், கொழுப்பும் குறையும், ஈரல் சுருங்கி மெத்தென்று வரும். இதற்காகத்தான் ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி என்ற கணக்கில் பாலும் தயிருமாகவோ, மாப்பொருள் குறைந்த சாப்பாடாகவோ எழுதித்தருகிறார்கள். பாலும் தயிரும் ஒத்துவராவிட்டால், நம் அடுப்படியில் இருப்பதை வைத்தே இதைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். இரணைமடுக் குளத்து மீனும், உப்புப் போக ஊறவைத்த நெத்தலியும், சோயாமீற்றும், முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணியும் இருக்கும்போது தகரத்தில் வரும் விலை கூடிய புரதமாவுக்கு எல்லோரும் கடன்பட வேண்டியதில்லை. விட வேண்டியவை சோறும் பிட்டும் இடியப்பமும் பாணும், தேங்காய்ப்பால் சொதியும், எல்லாவற்றுக்கும் முன் சீனித் தேத்தண்ணியும். செத்தவீட்டில் இரவிரவாகக் கொடுபடும் தேத்தண்ணியை எண்ணிப் பாருங்கள்: இரண்டு கரண்டிச் சீனியோடு ஒரு நாளில் ஐந்து கோப்பை என்றால் 40 முதல் 50 கிராம் சீனி, அதாவது 200 கலோரி வரை, ஒரு வாய் சாப்பிடாமலே.

வீட்டுக்கெல்லாம் சமைத்துக்கொண்டு நான் மட்டும் எப்படிப் பால் குடிப்பது என்று பெண்கள்தான் கேட்பார்கள். ஆண்கள் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. உப்புப் பார்க்கும் வேலையை அந்த இரண்டு வாரமும் மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். திகதி தரும்போது கலண்டரைத் திறந்து பாருங்கள். வற்றாப்பளைப் பொங்கலோ, வீட்டில் ஒரு சாமத்தியச் சடங்கோ, தாயாரின் திவசமோ அந்தப் பதினாலு நாளுக்குள் விழுகிறதென்றால் அப்போதே சொல்லி ஒரு கிழமை முன்பின் ஆக்கக் கேட்கலாம்.

இந்தச் சாப்பாட்டைத் தொடங்குவதற்கு முன் செய்தே தீரவேண்டிய ஒன்று உண்டு. இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. நீரிழிவு மருந்தை அப்படியே போட்டுக்கொண்டு மாப்பொருளை நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளுசை போடுபவர்களுக்கும் சீனி திடீரென்று விழுந்துவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல் வந்தால் உடனே மூன்று கரண்டிச் சீனியைக் கரைத்துக் குடிக்க வேண்டும். டயற் முறிந்துவிடும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. எம்பாகிளிப்ளோசின், டாபாகிளிப்ளோசின் வகை எழுதியிருந்தால் இன்னும் கவனம்: மாப்பொருள் குறைந்த நேரத்தில் இவை, சீனி அளவு சாதாரணமாகத் தெரியும்போதே குருதியில் அமிலத்தைக் கூட்டிவிடக்கூடியவை, சத்திரசிகிச்சைக்குச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தப்பட வேண்டியவை. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். உங்கள் கிளினிக் வைத்தியரிடம் இரண்டு வாரத்துக்கான அளவுகளைக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, குறைந்தது ஆறு வாரத்துக்கு முன் விட்டுவிடுங்கள். இரவில் பலத்த குறட்டையும் பகலில் தூங்கிவிழுவதும் இருந்தால், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறதா என்று பார்க்கும்படி கேளுங்கள். மயக்கமருந்து நிபுணர் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

பிள்ளைகள் தட்டில் மிச்சம் விட்டதை எறிய மனம் வராமல் சாப்பிட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். போரில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனத்திடம் சோற்றைக் குப்பையில் போடு என்று எந்த உணவு ஆலோசகரும் இலகுவாகச் சொல்லிவிட முடியாது. இதை நான் வெறும் கட்டுப்பாட்டுக் குறைவாகப் பார்ப்பதில்லை. ஒரு சுண்டு குறைத்து உலையில் போடுவதும், மிச்சத்தைக் கோழிக்குப் போடுவதும் எறிவதைவிட மனதுக்கு இலகு. பசியில்லாமலே இரவில் எழும்பிச் சாப்பிடுவது, சாப்பிட்ட பிறகு அழுகை வருவது, தாயாரை இழந்த துக்கம் நாளுக்கு நாள் கூடுவது என்று ஏதாவது இருந்தால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு இந்த மூன்று மாதத்துக்குள்ளேயே போங்கள். அங்கே போனால் சத்திரசிகிச்சையை மறுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். சிகிச்சை பெற்றுச் சீராக இருக்கும் மனச்சோர்வு பொதுவாகத் தடையாவதில்லை, மறைத்துவைத்ததுதான் பின்னால் குழப்பும்.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய சறுக்கல்களில் சில அவசரமானவை, சில மெதுவானவை. அவசரமானவற்றில் முதலாவது கசிவு. பெரிய நிலையங்களில் இது நூற்றுக்கு ஒருவர் அளவில்தான், இறப்பு ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான்; ஆனாலும் விசுவமடுவுக்கும் கொழும்புக்கும் இடையே 300 கிலோமீற்றருக்கு மேல் இருக்கும்போது அந்த ஒருவராக நாம் இருந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். உறவினர் வீடு கிடைத்தால் விடுதியை விட்டதும் ஒன்றிரண்டு கிழமை கொழும்பிலேயே தங்குங்கள். படுத்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், கூடிக்கொண்டுபோகும் வயிற்றுவலி, இடது தோள்மூட்டு வலி, மூச்சுத்திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவது ஆகிய எதுவந்தாலும் விடியும்வரை காத்திராமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் ஏறுங்கள். வீடு திரும்பும் பயணத்தில் பஸ்ஸைவிட ரயில் நல்லது, இடையிடையே எழுந்து நடக்கலாம். காலில் குருதி உறையாமலிருக்க ஊசி எழுதியிருந்தால் ஒரு நாளும் விடாதீர்கள்.

இரண்டாவது, ஓயாத வாந்தி. நெருக்கிய இரைப்பையில் அவசரமாக விழுங்கிய ஒரு கவளம் சிக்கி ஒருமுறை சத்தி வருவது பயப்பட வேண்டியதல்ல. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே தங்கவில்லை என்றால், அல்லது நாட்கணக்கில் வாந்தி தொடர்ந்தால், அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய் ஸ்லீவ் செய்தவள் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். உடலில் தயமின் என்ற விற்றமின் பி1 வற்றியிருக்கும் நிலையில் குளுக்கோசுச் சேலைன் மட்டும் ஏற்றினால், பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். தயமினை முதலில் கொடுத்துவிட்டுத்தான் குளுக்கோசு. இதைக் கொழும்பு வைத்தியரிடமே ஒரு தாளில் எழுதிவாங்கி டயக்னோசிஸ் காட்டோடு வைத்திருங்கள். மூட்டுவலிக்குப் பெட்டிக்கடையில் வாங்கும் டைக்ளோபினக் இனி வேண்டாம், அது இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், பரசிற்றமோல் போதும்.

மெதுவான சறுக்கல்கள் ஆபத்தில்லாதவை, மனதைத்தான் உடைக்கும். மூன்றாம் நான்காம் கிழமையில் தராசு முள் அசையாமல் நிற்கும். அனேகமாக எல்லோருக்கும் அப்படித்தான், தானாக நகரும். மூன்றாம் மாதமளவில் முடி கொத்தாகக் கொட்டும். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமும் எழுதித்தந்த இரும்பு, விற்றமின் குளுசைகளும் தவறாவிட்டால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். அந்தக் குளுசைகள் ஆயுளுக்கும் உரியவை, குருதிப் பரிசோதனையும் அப்படியே. நெஞ்செரிவு ஏற்கெனவே கடுமையாக இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும். அதை இப்போதே சொல்லுங்கள், சத்திரசிகிச்சையின் வகையே மாறலாம். குழந்தை பெறும் எண்ணமோ வாய்ப்போ இருந்தால் குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் ஒன்றரை வருடம் தள்ளிப்போட வேண்டும். நிறையைப் பொறுத்தவரை, ஒன்றிரண்டு வருடத்தில் மொத்த நிறையில் நாலில் ஒரு பங்கோ சற்றுக் கூடவோ குறைவது சராசரி. உங்கள் கணக்கில் 80 கிலோவுக்கு அண்மையில் வந்து நிற்கலாம். 60 என்று மனக்கோட்டை கட்ட வேண்டாம். அதன்பின் சில கிலோ திரும்ப ஏறுவது பலருக்கும் நடப்பது, அதற்கு வெட்கப்பட்டுக் கிளினிக்கை விடுவதுதான் கெடுதல். உங்களுக்கு எவ்வளவு ஏறும், நீரிழிவு முற்றாக விலகுமா என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எட்டு வருட நீரிழிவென்பதால் மருந்து பெருமளவு குறையலாம், முழுவதும் நின்றே தீரும் என்று வாக்களிப்பவரிடம் கவனமாக இருங்கள்.

இந்தியாவைப் பற்றி. அங்கே இதில் தேர்ந்த நிபுணர்கள் இருக்கிறார்கள், போவது தவறல்ல. ஆனால் 9.4 என்ற எண் பாக்குநீரிணையைத் தாண்டியதும் குறைந்துவிடாது. அதைப் பார்த்தும் நாளைக்கே வாருங்கள் என்று சொல்லும் இடமானால் நான் யோசிப்பேன். காணியை விற்கும் பணம் சத்திரசிகிச்சைக்கும் விமானத்துக்கும் போதும், கசிவு வந்து ஒரு மாதம் விடுதியில் கிடக்க நேர்ந்தால் போதாது. வீடு வந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை யார் பார்ப்பார் என்ற கேள்வியும் மிச்சமிருக்கும். அரச வைத்தியசாலையில் செலவின்றிக் கிடைத்திருக்கும் இடத்தை மூன்று மாதக் காத்திருப்புக்காக விட வேண்டாம் என்பது என் எண்ணம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது சீனி விழாமலிருக்க மருந்து மாற்றம், தழும்பு, நெஞ்செரிவு, தயமின் தாள் என்ற நாலையும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். சிங்களமோ ஆங்கிலமோ சரளமாகப் பேசத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனால், சொல்ல வேண்டியது ஒன்றும் விடுபடாது.